விளக்குச் சின்னத்துக்கு ஒரு ஓட்டு

அக்டோபர் 12, ஞாயிறு

பீன்ஸும் சோள ரொட்டியும். டெல்மர் இரண்டு வாய் தின்றான், மீதி பூனைக்கு. இந்த வீட்டில் உடம்பு தேறி வருவது பூனை ஒன்றுதான். என் புருஷன் டெல்மருக்கு நெஞ்சு முழுக்க நிலக்கரித் தூசி. வசந்தம் வரை தாங்கலாம் என்றார் டாக்டர். எந்த வருஷத்து வசந்தம் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மத்தியானம் ஏமஸ் டீட்டர் வந்தான். சுரங்கக் கூரை இடிந்தபோது டெல்மரை வெறுங்கையால் தோண்டி எடுத்தவன். சங்கம் சேர்த்தான் என்று கம்பெனி துரத்திவிட்டது, இப்போது மலைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறான். எங்கள் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து செனட்டுக்கு நிற்கிறானாம், கட்சி எதுவும் இல்லாமல். சின்னம் விளக்கு.

"வாஷிங்டனுக்கா? உன் தொப்பியையே உன் பெண்டாட்டிதான் தேடித் தரணும்" என்றேன்.

"அதுக்குத்தான் அவளையும் கூட்டிட்டுப் போறேன், சகோதரி." ஞாயிறு தவறாமல் பிரசங்கம் செய்கிறவன். பார்க்கிற பெண்ணெல்லாம் சகோதரி.

அவன் போன பிறகு டெல்மர் சொன்னான்: "போறதுக்கு முன்னால அவனுக்கு ஒரு ஓட்டுப் போட்டுடணும், மின்ட்டி. வேற ஒண்ணும் வேணாம்."

அக்டோபர் 25

சுரங்க மேஸ்திரி கிரம் வீடு வீடாக வந்தான். "சேவலுக்குப் போடு, யானைக்குப் போடு, கம்பெனி கேக்காது. விளக்குக்குப் போட்டவனுக்குக் கம்பெனி வீடு கிடையாது."

"எனக்குச் சேவல்தான், மேஸ்திரி. யானை சட்டியில அடங்காது" என்றேன்.

டெல்மர் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே சேவல்தான், ஜனநாயகக் கட்சி. எழுத்து தெரியாத குடும்பம். படத்துக்குக் கீழே வட்டம், வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான் ஓட்டு. விளக்கு தாளின் கடைசி ஓரத்தில் இருக்கும் என்று கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டினேன்.

"தெரியும்டி" என்றான்.

நவம்பர் 4

நாலு பேர் டெல்மரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்கள். மாப்பிள்ளை ஊர்வலம் என்று கேலி செய்தேன். மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது.

நான் சேவலுக்குப் போடுவதாகத்தான் இருந்தேன். குளிர்காலத்தில் வீடு வேண்டாமா? ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்டது. அவன் அங்கே வீட்டையே பணயம் வைக்கிறான், நான் இங்கே - விளக்குக்குக் குறி போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

வருகிற வழியெல்லாம் அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 5

சொல்லிவிட்டான்.

"கை தானாப் போயிருச்சு, மின்ட்டி. பென்சிலை எடுத்தேன், சேவல் வட்டத்துல குறி விழுந்துருச்சு. அப்புறந்தான் விளக்கு எங்கேன்னு தேடுறேன்."

வேறு தாள் கேட்டிருக்கலாமே என்றேன்.

"கிரம் வாசல்லயே நின்னான். எப்படிக் கேக்குறது?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் போட்டதைச் சொல்லலாமா? சொன்னால் ஆறுதலாக இருக்குமா, குத்துமா? தெரியவில்லை. ரொட்டியைத் தீய விட்டேன்.

நவம்பர் 7

ஏமஸ் தோற்றுப்போனான். கம்பெனிக் கடைக் கதவில் ஓட்டுக் கணக்கை ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் விளக்குக்கு ஒரே ஒரு ஓட்டு.

நவம்பர் 9

ஏமஸ் வந்தான். நேராகக் கட்டிலுக்குப் போய் டெல்மர் கையைப் பிடித்தான்.

"இந்தப் பள்ளத்தாக்குல எனக்கு விழுந்தது ஒண்ணே ஒண்ணு. அது யாருதுன்னு எனக்குத் தெரியாதாடா?"

டெல்மர் வாயைத் திறந்தான். இருமல் வந்துவிட்டது. "பேசாதே, பேசாதே" என்று ஏமஸ் அவன் முதுகைத் தடவிக்கொண்டே அழுதான். அந்தத் தோளுக்கு மேலாக டெல்மர் என்னைப் பார்த்தான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

ஏமஸ் போன பிறகு, "நீயா?" என்றான்.

"பின்னே, பூனையா?"

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, வெகுநேரம் ஆனது. பிறகு சொன்னான்: "அந்த ஓட்டு எனக்கு இருக்கட்டும், மின்ட்டி. குடுத்துடு."

"எடுத்துக்கோ. கட்டின நாளா நீ என்கிட்ட வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான்."

நவம்பர் 30

டெல்மர் போய்விட்டான். வியாழக்கிழமை, நன்றிப் பண்டிகையன்று காலையில், காப்பி கொண்டுபோவதற்குள். வசந்தத்துக்கு இன்னும் எவ்வளவு கிடக்கிறது.

நேற்று அடக்கம். ஏமஸ்தான் ஜெபம் செய்தான். ஒவ்வொருவனாக வந்து என் கையைப் பிடித்து, மேஸ்திரி காதில் விழாமல், "துணிஞ்ச மனுஷன்" என்றார்கள். ஆமாம் என்றேன். ஒவ்வொருவனிடமும் ஆமாம் என்றேன்.

டிசம்பர் 3

கிரம் வந்தான். வாசலிலேயே நின்றான். சனிக்கிழமைக்குள் வீட்டை ஒழித்துவிட வேண்டுமாம்.

"எல்லாம் உம் புருஷன் போட்ட ஓட்டால வந்தது. நீயாவது ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கக் கூடாதாம்மா?"

"எவ்வளவோ சொன்னேன், மேஸ்திரி" என்றேன். "கேட்டாத்தானே."