உங்கள் கண்ணுக்கு எட்டாத சிவப்பு

என்னைத் தனியே விட்டுப் போன என் ராசாவுக்கு,

என்னங்க, கேட்கிறீர்களா? இன்று காலையும் வெயில் சன்னல் வழியாக வந்து, நம் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடியின் சரிவான ஓரத்தில் பட்டது. எதிர்ச் சுவரில் அந்த வண்ணப் பட்டை விழுந்தது. பக்கத்தில் நீங்கள் இல்லை. பார்க்கப் பிடிக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நம் மகள் சுமதி கள்ளக்குறிச்சி காலேஜில் படித்துவிட்டு வந்து சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா? "கண்ணாடிக்குள்ள பூந்து வெளிய வரசொல்ல வெளிச்சம் வளையுதும்மா. செவப்பு கம்மியா வளையும், ஊதா ஜாஸ்தியா வளையும். ஒண்ணா வந்ததுங்க அதாலதான் பிரிஞ்சிடுது."

அவள் போனதும் பட்டையின் முனையில் விரல் வைத்தீர்கள். "இங்கதான ஆரம்பிக்குது?"

"இல்லீங்க, இங்க" என்று நான் தள்ளி வைத்தேன். நம் இரண்டு விரலுக்கும் நடுவிலிருந்த சிவப்பு உங்களுக்கு வெறும் சுவர். "அடி போடி, ஏமாத்துற" என்று சிரித்தீர்கள். நான் விரலை எடுத்துக்கொண்டேன்.

ரிஷிவந்தியத்தில் கூலிக்கு மிளகாய்ப் பழம் பறிக்கப் போய், காயையும் சேர்த்துப் பறித்து ஏச்சு வாங்கினீர்களே, அன்றிலிருந்து, சிவப்பும் பச்சையும் உங்களுக்குப் பிரிந்து தெரியாது என்பது நமக்குள் இருந்த சங்கதி. "ஏ அஞ்சல, இது இன்னா கலரு?" என்று நாள் முழுக்கக் கேட்பீர்கள். தொல்லை தாங்கவில்லை என்பேன். இப்போது என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பாழாய்ப்போன வீடு, அப்படியொரு அமைதி.

சுமதிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் திருக்கோவிலூர். நேற்று அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவை வாங்கிவந்து என் மடியில் போட்டாள்.

"இதக் கட்டிக்கினுதான் முன்னாடி நிக்கணும். அப்பா இல்லன்னா ஓரமா நிப்பியா? ஊரு இன்னா சொன்னா எனக்கின்னா?"

அவள் தைரியத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். ஆனாலும் வேண்டாம் என்றேன். பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஊருக்குப் பயந்துட்டியாம்மா?" என்றாள்.

எனக்கா பயம்? தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நான் சிவப்பில் நின்றபோது, என்னைத் தேடிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனீர்கள். அதற்கப்புறம் நீலத்தைத் தவிர வேறு கட்டியிருக்கிறேனா? யாரிடமும் சொல்லாதே என்றீர்களே, பெற்ற பெண்ணிடமாவது இனிச் சொல்லலாமா?

புடவையை மாற்றிவரச் சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்று நீலப் பட்டில், எல்லாருக்கும் முன்னால் நிற்பேன். இது சத்தியம். மண்டபம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக உங்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். நீலத்தைப் பார்த்து நேரே வந்துவிடுங்கள்.

இன்னமும் உங்கள் வூட்டுக்காரி,
அஞ்சலை