டியூப் சூடாகும்வரை

18 ஜனவரி 2025, சனி

பெட்டி வந்துவிட்டது. ஜோகூரில் கல்யாண பேண்ட் வைத்திருந்த ஒருவர் விற்றது. உள்ளங்கை அகலத்தில் ஒரு டியூப் ப்ரீஆம்ப், கீபோர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டுவது. முன்பக்கம் சின்னக் கண்ணாடிச் சன்னல், அதன் பின்னால் ஒரே ஒரு குழாய். சுவிட்சைப் போட்டதும் சத்தம் வந்துவிடாது. குழாய் மெதுவாக ஆரஞ்சு நிறத்துக்கு வரும், பிறகுதான் வேலை செய்யும்.

பூசைக்கு நான் வாசிக்கும் கோயில் கீபோர்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதன் எலக்ட்ரிக் பியானோ சத்தம் அளவுக்கு மீறிச் சுத்தம். கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி. இந்தப் பெட்டி வழியாக அனுப்பினால் ஓரங்கள் மழுங்குகின்றன, அடியில் கொஞ்சம் சதை பிடிக்கிறது. அழுத்தி வாசித்தால் லேசாக உறுமவும் செய்கிறது. மத்தியானம் முழுவதும் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன். சுங்கை ஊடாங் எண்ணெய் ரிபைனரியில் வாரம் முழுக்க மீட்டர் பார்க்கிறவனுக்கு லீவு நாளிலும் அதே புத்திதான்.

அமுதா எட்டிப் பார்த்தாள். "இது எதுக்குங்க இப்ப?"

"சவுண்ட் வார்மா வரும்."

உனக்காகத்தான் என்று சொல்லவில்லை. அக்டோபரில் தைராய்டு ஆபரேஷன் முடிந்ததிலிருந்து அவளிடம் பாட்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

அமுதா மறுபடி பாடகர் குழுவுக்கு வந்தாள். பின் வரிசையில் நின்றாள். பூசையில் முதல் வாசகத்துக்குப் பிறகு ஒருவர் பாட மக்கள் பதில் பாடும் பதிலுரைப் பாடல் பல வருடமாக அவளுடையது. இப்போது ஷாமினி பாடுகிறாள். நன்றாகத்தான் பாடுகிறாள்.

அமுதாவுக்கு மேல் சுருதி போய்விட்டது. குரல் இறங்கியிருக்கிறது, நடுவில் சட்டென்று உடைகிறது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழுத் தலைவர் ரெஜினால்ட் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஈஸ்டருக்கு வானவர் கீதத்த அமுதா தொடங்கட்டும்லா. அது எப்படி வருதுன்னு பாத்துட்டு, பதிலுரைப் பாடல் யாருக்குன்னு முடிவு பண்ணுவோம்."

ஆக, பரீட்சை. ஈஸ்டர் இரவில் ஒருவர் தொடங்க எல்லாரும் சேர்ந்து பாடும் புகழ்ப் பாட்டு அது. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

5 மார்ச், புதன்

சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியது. நெற்றிச் சாம்பலுக்கு மேல் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன்.

22 மார்ச், சனி

ஒத்திகை. அமுதா எங்கே உடைவாள் என்பது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதற்கு முந்தைய சொல்லிலேயே இடது கையை அகலமாக வைத்து அழுத்திவிடுகிறேன். பெட்டியின் கெயின் குமிழைக் கூட்டி வைத்திருப்பதால் டியூப் தடித்த சத்தம் கொடுத்து அந்த இடத்தை மூடிவிடுகிறது. இன்று அவள் உடைந்தது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் திருப்தி.

ரெஜினால்ட் அண்ணன் சொன்னார்: "பியானோ நல்லா இருக்கு ஜோனாஸ். ஆனா அமுதா பாடுனாங்களா? எனக்குக் கேக்கவே இல்லலா."

மைக்கைக் கிட்ட வைக்கச் சொல்கிறேன் என்றேன்.

சிம்பாங் அம்பாட்டில் எங்கள் வீடு வந்துசேரும்வரை காரில் அமுதா பேசவில்லை. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

12 ஏப்ரல், சனி

கடைசி ஒத்திகை. "சுருதியக் கொஞ்சம் எறக்கி வாசிங்களேன்," என்றாள் அமுதா.

"மத்தவங்களுக்கு அடித்தொண்டைல போயிடும்மா. நீ பயப்படாத, நான் பாத்துக்கறேன்."

அவள் பாட்டுப் புத்தகத்தை மூடினாள். பரவாயில்லை, பெட்டி இருக்கிறது.

20 ஏப்ரல், ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். பிளான்டில் ஏதாவது நின்றுபோனால் இப்படித்தான் ரிப்போர்ட் எழுதுவேன்.

ஈஸ்டருக்கு முந்தின இரவுப் பூசை, திருவிழிப்பு, இருட்டில்தான் தொடங்கும். கோயிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வெளியே நெருப்பு மூட்டி, அதில் பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றி உள்ளே கொண்டுவருவோம். வானவர் கீதத்தில்தான் விளக்குகள் எரியும், மணிகள் அடிக்கும், பெரிய வியாழனிலிருந்து மூடிக் கிடந்த வாத்தியங்கள் வாசிக்கும். அந்த நேரத்தில் டியூப் தயாராக இருக்க வேண்டுமே என்று ப்ரீஆம்பை முன்கூட்டியே போட்டு வைத்தேன். வெளிச்சம் தெரியாதபடி கீபோர்டின் மேல் துணியைப் போர்த்தினேன். பெட்டி சூடாகும், அதனால் அதை மூடவில்லை.

நாங்கள் வெளியே நெருப்பைச் சுற்றி நின்றபோது கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சின்னப்பன் அங்கிள் உள்ளே கடைசியாக ஒரு சுற்று வந்திருக்கிறார். இருட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம். பாஸ்கா திரி வருவதற்கு முன்னால் இன்னொரு வெளிச்சம் இருக்கலாமா? சுவரில் பெட்டிக்கும் கீபோர்டுக்கும் சேர்த்து இருந்த சுவிட்சை அணைத்துவிட்டார். அவர் வேலையை அவர் சரியாகச் செய்தார்.

வாசகங்கள் முடிந்தன. விளக்குகள் எரிந்தன, மணிகள் அடித்தன. கீபோர்டில் கை வைத்தேன். ஒன்றுமில்லை. குனிந்து, தடவி, சுவிட்சைப் போட்டேன். கீபோர்டு விழித்துவிட்டது, ஆனால் டியூப் சூடாக வேண்டும். அதற்குள் மணி நின்றுவிட்டது. கோயில் முழுக்க எங்களைப் பார்த்தது. நான் அமுதாவைப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

அவள் தொடங்கினாள்.

சுருதி கொடுக்க ஆளில்லை. தனக்கு எது வருமோ அங்கிருந்து எடுத்தாள், நன்றாகக் கீழே. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் கனமான குரல். இத்தனை மாதமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், இந்தக் குரலை நான் கேட்டதில்லை. உடையும் இடம் வந்தது. உடைந்தது. கடைசி பெஞ்சுவரை கேட்டிருக்கும். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். மக்களும் அவள் இருந்த இடத்துக்கே இறங்கிவந்து சேர்ந்துகொண்டார்கள்.

அப்போது பார்த்து டியூப் சூடானது. யோசிக்காமல் இரண்டு கையையும் வைத்துவிட்டேன். பழைய சுருதியில், வார்மாக, தடிமனாக, படு தப்பாக. முன் பெஞ்சில் ஒரு அம்மா முகத்தைச் சுளித்தார். சுருதி மாற்றும் பட்டன் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அழுத்தவில்லை. கையை எடுத்துவிட்டேன், பாட்டு முடியும்வரை வைக்கவில்லை.

இன்று காலை தேநீர் குடிக்கும்போது அமுதா சொன்னாள்: "நான் ஒடையப்போற எடத்துலல்லாம் நீங்க சத்தத்த ஏத்துறது எனக்குத் தெரியும்ங்க."

"ஒனக்கு ஒதவியா இருக்கட்டும்னுதான..."

"எனக்கு ஒன்னும் இல்ல. ஒங்களாலதான் கேக்க முடியல."

சரியாத்தான் சொல்றா. அவ குரல் போனது எனக்குத்தான் தாங்கல. அவ அழுது முடிச்சிட்டா போல. நான் இன்னும் அழவே இல்ல. அழறதுக்குப் பதிலா பெட்டி வாங்கினேனா?

தெரியவில்லை. ரிப்போர்ட் இவ்வளவுதான்.

21 ஏப்ரல், திங்கள்

சின்னப்பன் அங்கிள் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். நீங்க செஞ்சது நல்லதுதான் அங்கிள் என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

26 ஏப்ரல், சனி

ரெஜினால்ட் அண்ணன் வீட்டுக்கே வந்தார். "அவங்க கொரல் போகலலா. எறங்கியிருக்கு, அவ்ளோதான். அடுத்த வாரத்துலேருந்து பதிலுரைப் பாடல் அமுதாவே பாடட்டும்."

அமுதா உள்ளே போய்விட்டாள். கண்ணைத் துடைக்கத்தான் போனாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு என்னைப் பார்த்தார். "மத்த பாட்டுக்கெல்லாம் அந்தப் பொட்டி இருக்கட்டும், சவுண்ட் நல்லாத்தான் இருக்கு. இதுக்கு மட்டும் நீ வாசிக்க வேணாம், ஜோனாஸ்."

சரிண்ணே என்றேன். வலித்தது.

4 மே, ஞாயிறு

முதல் வாசகம் முடிந்ததும் கீபோர்டை விட்டு எழுந்து மக்கள் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன்.

அமுதா தனியாகப் பாடினாள். இரண்டாவது சரணத்தில் குரல் உடைந்தது. பக்கத்தில் இருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பதில் பாட வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அமுதா வரியை முடித்தாள். எல்லாரோடும் சேர்ந்து நானும் அவளுக்குப் பதில் பாடினேன்.