முலாம்பழப் பாத்தியில் முதலை முட்டை

சம்பல் ஆறு, மணல்திட்டு
ஏப்ரல் 11, 1993

அன்புள்ள துலாரிக்கு,

நான் நலம். அக்கரையில் அம்மா வீட்டில் உனக்கென்ன குறை! இங்கே நான் சுட்ட ரொட்டியை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது.

வலையில் மாட்டிய கரியால் முதலையின் நீள மூக்கை வெட்டக் கோடரி எடுத்தது தப்புதான். வலையைக் காப்பாற்ற இங்கே எல்லோரும் செய்வதுதானே என்று எடுத்தேன். நீ வலையை அறுத்து அதை விட்டாய். நான் கத்தினேன். "இந்த வலை இருக்கிற வீட்ல நான் இருக்க மாட்டேன்" என்று படகேறிவிட்டாய். பொய் சொல்லமாட்டேன், வலையை மறுபடி தைத்துவிட்டேன்.

செய்தியைக் கேள். மேல்துறையில் மணல் அள்ளும் டிராக்டர்களுக்குப் பயந்து, ஒரு கரியால் நம் முலாம்பழப் பாத்தியில் முட்டையிட்டிருக்கிறது! தண்ணீர் ஊற்றக் குழி பறித்தேன், வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. மூடிவிட்டேன். நரி தோண்டாமலிருக்கச் சுற்றிலும் முள்வேலியும் போட்டாயிற்று. இப்போதாவது புகழ்வாயா?

உன் லக்பத்

---

ஏப்ரல் 19

லக்பத் அவர்களுக்கு,

புகழவா? படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். குஞ்சுகள் மணலுக்குள்ளிருந்து கத்தும்போது தாய் வந்துதான் தோண்டி எடுக்க வேண்டும். எந்த வழியாக வருவாள், உங்கள் தலைமேல் ஏறியா? ஆற்றுப் பக்கத்து முள்ளை எடுங்கள். நரியை நீங்களே விரட்டுங்கள். அந்தப் பாத்திப் பழங்கள் போனால் போகட்டும்.

படகோட்டி ஹர்பிலாஸ், "உம் புருஷன் இளைச்சுட்டான்மா" என்றார். "நல்லா இளைக்கட்டும்" என்றேன். கொஞ்சம் நெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு இல்லை, நாய்க்கு.

வலையைத் தைத்தீர்களாமே. தைத்துக்கொண்டே இருங்கள்.

சியாதுலாரி

---

ஜூன் 7

துலாரி! பொரிந்துவிட்டது!

நேற்று விடியும்போது மணலுக்குள் சத்தம். படகுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டேன். நீ சொன்ன வழியாகவே தாய் வந்தாள், பழங்களை நசுக்கிக்கொண்டு போய்த் தோண்டினாள். முப்பத்தொன்று வரை எண்ணினேன், அப்புறம் கண்ணில் நீர் கட்டி எண்ணிக்கை தப்பிவிட்டது. மூக்கு நுனியில் குடம் கவிழ்த்த மாதிரி புடைப்போடு ஆண் கரியால் இருக்கிறானே, அவன் முதுகெல்லாம் குஞ்சுகளோடு மிதந்தான். ஹர்பிலாஸ் விழுந்து விழுந்து சிரித்தார்: "பாருய்யா! பொண்டாட்டி பேச்சைக் கேட்டா முதுகு நிறைய புள்ளைங்க!"

இன்று வலையை எடுத்துக்கொண்டு போனேன். நான் வழக்கமாக விரிக்கும் மடுவில்தான் அத்தனை குஞ்சுகளும். கை வரவில்லை, துலாரி. வலையைக் கரையிலேயே போட்டுக் கொளுத்திவிட்டேன். இனி தூண்டில்தான். கிடைத்தால் மீன், இல்லாவிட்டால் பருப்பு.

உனக்காகக் கொளுத்தினேன் என்று சொல்லமாட்டேன். அதுகளைப் பார்த்துத்தான் கொளுத்தினேன். ஆனால் நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வந்துவிடு.

லக்பத்

---

ஜூன் 10

என்னவருக்கு,

எனக்காகக் கொளுத்தியிருந்தால் வந்திருக்கமாட்டேன். அடுத்த சண்டைக்கே புது வலை வாங்கியிருப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை ஹர்பிலாஸிடம் கொடுத்தனுப்பவில்லை. வாயைத் திறந்தால் முதலில் திட்டுதான் வரும் என்று எழுதி எடுத்துவந்து, உங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்கிறேன். படித்தது போதும், நிமிருங்கள். மூட்டை கனக்கிறது.

உங்கள் துலாரி