விசாரிக்கத்தக்கவர்

இன்று தபாலில் வந்த கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் யாரோ பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: ‘பெரியப்பாவை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.’ அன்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘விசாரித்த’ என்ற சொல்லைப் பார்த்தாலே நான் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். எல்லாம் உன்னால் வந்தது.

நெய்வேலியில் அப்போது மார்கழிப் பனி எட்டு மணி வரை கலையாது. பவர் ஹவுஸ் புகையும் சேர்ந்துகொண்டால் பிளாக் இருக்கும் இடமே தெரியாது. எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி என்பதால் நான் இரண்டு முறை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். அந்த வெள்ளைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல உன் சைக்கிள் உருவம் கொள்ளும். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்று சொல்லிக்கொண்டாய். மூன்று வருடத்தில் ஒருவருக்கும் பாலிசி போட்டதில்லை. நீ ரகசியப் போலீஸ் என்பது டீக்கடை நாய்க்குக்கூடத் தெரியும். “வாங்க மஃப்டி” என்று கூப்பிட்டால், “மெல்லப் பேசுய்யா, வூட்ல அடுப்பு எரியறதே இந்த வேசத்துலதான்” என்று சிரிப்பாய்.

சீனச் சண்டை நடந்த சமயம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த மாணிக்கம், பெர்மனென்ட் ஆக்கச் சொல்லிச் சுரங்க வாசலில் நின்று பேசினார். அவரைப் பற்றி மேலிடத்துக்கு அனுப்பிய ரிப்போர்ட்டை ‘விசாரிக்கத்தக்கவர்’ என்று முடித்தாய். அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் உன் நினைப்பு. மேலிடம் வேறு மாதிரி படித்துவிட்டது. கூட்டிக்கொண்டு போய் ஐந்து நாள் ‘விசாரித்தார்கள்’. திரும்பி வந்தவரால் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. அவர் மனைவி பிடித்துக் குடிக்கவைத்தார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஊரெல்லாம் அதே பேச்சு. எங்கள் படிப்பகத்தில் விவாதக் கூட்டமே போட்டோம்: நாட்டைக் காக்க ஒருவரை அடித்து விசாரிக்கலாமா, கூடாதா? நான்தான் செயலாளர், மினிட்ஸ் எழுதுகிறவனும் நானே.

“எல்லையில சோல்ஜர் செத்துக்கினு இருக்கான், இங்க நாலு அடிக்கு அழுவுறீங்களே!” என்று ஒரு ஃபிட்டர் கத்தினார்.

“அடிச்சது யாருன்னு கேக்கவும் ஆள் வேணாமா?” என்று இன்னொருவர் எழுந்தார்.

வழக்கம்போலக் கடைசி வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நீ, நோட்டை மூடிவிட்டு எழுந்து நின்றாய். “அந்த ரிப்போர்ட்ட எழுதனது நான்தாங்க. மாணிக்கத்து மேல ஒரு குத்தமும் இல்ல. அடிச்சவங்களக் கேளுங்க, எழுதன என்னியும் கேளுங்க. இத மினிட்ஸ்ல எழுதிக்கிங்க.” எல்லோரும் திரும்பி என் மினிட்ஸ் நோட்டைப் பார்த்தார்கள். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது எனக்கு.

இதைப் பற்றிக் கேட்கக் கடலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மாணிக்கம் குற்றமற்றவர் என்று எல்லோர் முன்னாலும் சொன்னதாகவும், அது மினிட்ஸில் இருக்கிறது என்றும் நீ சொன்னாய். மாணிக்கத்துக்கு மறுபடி வேலை கிடைப்பதே என் மினிட்ஸ் நோட்டை நம்பித்தான் இருந்தது. அதிகாரி பிரித்துப் படித்தார்: ‘காரசாரமான விவாதத்துக்குப் பின், நன்றியுரையுடன் கூட்டம் இனிதே முடிந்தது.’

என் பெர்மனென்ட் ஆர்டர் அந்த மாதம் வரவேண்டியிருந்தது. பயந்துவிட்டேன். அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

எழுத்தில் இல்லாததால் நீ அப்படிப் பேசவே இல்லை என்று முடிவு செய்தார்கள். மாணிக்கம் ஊருக்கே போய்விட்டார். பொய் சொன்னாய் என்று உன் வேலையும் போயிற்று. அடித்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வடலூர் பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட வந்தபோது நான் வாய் திறப்பதற்குள் நீயே முந்திக்கொண்டாய்: “பரவால்ல வுடுய்யா. உனுக்கும் புள்ளைங்க இருக்குது.”

நீ போய் இத்தனை வருடமான பிறகும் அரைத்தூக்கத்தில் அந்தக் குரல் கேட்கிறது. அன்றைக்கு நாலு பேர் பார்க்க என்னைத் திட்டியிருக்கலாம். இந்த விஷயத்தில் தப்பு செய்த ஒருவனாவது தண்டனை வாங்கினான் என்று இருந்திருக்கும்.