கடதாசிக் கூட்டமும் பாங்கொக் கட்டளைகளும்

மார்ச் 28, 2020, சனி

இன்று தேநீரை நானே போட்டேன். வரலாற்றில் பொறிக்கவேண்டிய நிகழ்வு. சாயம் கூடி, சீனி கூடி, குசினி ஒரு போர்க்களமாகக் கிடந்தது. யோகராணி நின்றிருந்தால் "உதை ஆர் குடிக்கிறது?" என்று கேட்டிருப்பாள். நானே குடித்தேன். அதுவும் ஒரு வீரம்தான்.

அவள் பாங்கொக்கில் நிற்கிறாள். மருமகனுக்கு அங்கே வேலை. மகள் துவாரகாவின் பிள்ளைப்பேற்றுக்கென்று மாசியில் போனவள். பேத்தி அட்சயா பிறந்த கையோடு உலகம் கதவைச் சாத்திக்கொண்டது. வெக்ஸ்போர்ட் அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் பத்மநாதனாகிய நான் இப்போது கைவிடப்பட்ட சக்கரவர்த்தி. குடிமக்கள் தொகை ஒன்று: சாடியில் நிற்கும் கறிவேப்பிலை. அதுவும் வாடிக்கொண்டு நிற்கிறது.

கடைக்குப் போனேன். கழிவறைக் கடதாசி துடைத்தெடுத்தமாதிரி முடிந்துவிட்டது. ஒருவர் இரண்டு வண்டில் நிறையத் தள்ளிக்கொண்டு போனார். அவருடைய சந்ததி மூன்று தலைமுறைக்கு வேறு வேலை பார்க்காது போலிருக்கிறது. நாங்கள் தண்ணீரை நம்பும் இனம். கனடாவைப் பார்த்து முதன்முதலாக இரக்கப்பட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எனக்குக் காலை, அவளுக்குப் பின்னேரம். அந்த நேரத்தில்தான் கட்டளைகள் வந்திறங்கும்.

"இஞ்ச ஒருத்தரும் சொல்லாமலே எல்லாரும் மாஸ்க் போடுகினம். கடைக்குள்ள விட முன்னம் நெத்தியில துவக்குப் பிடிச்சமாதிரிக் காய்ச்சல் பாக்கினம். ரெயிலில ஒரு சீற் விட்டு ஒரு சீற்றிலதான் இருக்கலாம். நாளைக்கு அவைக்கும் வருசப்பிறப்பாம், ரோட்டெல்லாம் தண்ணி ஊத்தி விளையாடுறவையாம். அதையும் நிப்பாட்டிப் போட்டினம். சாராயம் விக்கிறதுக்கும் தடை."

"சாராயத்துக்கோ? அப்ப உது நோய்த்தடுப்பில்லை, கொடுங்கோல்."

"சிரியாதேங்கோ. வெளியால போயிட்டு வந்தால் கதவடியில நிண்டு உடுப்பைக் கழட்டி நேர தோய்க்கப் போடுங்கோ."

இந்தக் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் நிலக்கீழ் அறையில். நான் கதவடியில் களைந்துவிட்டு அப்படியே லிஃப்டில் இறங்கினால், கொரோனாவை விட வேகமாகப் பொலிஸ் வரும். சொன்னேன். துவாரகா பின்னால் சிரித்தது கேட்டது. யோகராணி சிரிக்கவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். மூச்சுத் திணறல் என்ன என்று தெரிந்தவளுக்கு இது பகிடியாகப் படவில்லை போலும்.

ஏப்ரல் 13

சித்திரை வருசம். கைவிசேடக் காசை எனக்கு நானே கொடுத்தேன். வாங்கும்போது குனிந்து கும்பிட்டும் கொண்டேன்.

ஜூன் 20, சனி

பத்துப் பேர் கூடலாம் என்று அரசாங்கம் இரங்கியது. உடனே அவையைக் கூட்டிவிட்டேன்.

முந்நூற்றிநாலு, எங்கள் ஊர்ச் சீட்டாட்டம். நால்வர், இரண்டு பக்கம், ஒரு கட்டுக் கடதாசி. என் பக்கம் றெமிஜியஸ். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன், என் கண்ணிமையைப் பார்த்தே கையில் என்ன துரும்பு இருக்கிறது என்று சொல்லுவான். எதிர்ப்பக்கம் துரை அண்ணையும், மிசிசாகா விமான நிலையத்தில் ராக்சி ஓடும் றூபனும். நாங்கள் நால்வரும் ஒரு 'பபிள்': எங்களுக்குள் மட்டும் பழகலாம், வெளியாரோடு கூடாது. துரை அண்ணை தன் மருமக்கள் வீட்டிலும் ஒரு பபிள், கோயில் அன்னதானத்தில் ஒரு பபிள். றூபன் உலகத்தையே காரின் பின்சீற்றில் ஏற்றி இறக்குகிறவன். கூட்டிப் பார்த்தால் எங்கள் பபிளுக்குள் சீனாவும் அடங்கும்.

எங்கள் மேசையில் தோற்ற பக்கம் காதில் எதையாவது தொங்கவிட்டுக்கொண்டு இருக்கவேண்டும். பழைய சட்டம். வழக்கமாக உடுப்புக் கொழுவும் கிளிப். இன்றைக்குத் துரை அண்ணையின் மூளையில் சூரியன் உதித்தது.

"தோத்தவை மாஸ்க்கைப் போடட்டும். அதுவும் காதிலதானே தொங்குது!"

நால்வரும் மேசையில் அடித்துச் சிரித்தோம். அப்படியாக என் மாளிகையில் முகக்கவசம் தோல்விக்கு உரிய ஆபரணமானது. வென்றவர்கள் வெற்றிக் காற்றைத் தாராளமாகச் சுவாசிக்கலாம். நானும் றெமிஜியசும் கடைசிவரை ஒருமுறையும் போடவில்லை. அவ்வளவு வெற்றி!

ஜூலை 8, புதன்

கடைக்குள் மாஸ்க் கட்டாயமாம். மளிகைக் கடையில் கண்காட்சி. ஒருவர் மாஸ்க்கை நாடிக்குக் கீழே கோவணமாகக் கட்டியிருந்தார். இன்னொருவர் மூக்குக்கு விடுமுறை கொடுத்துவிட்டு வாயை மட்டும் மூடியிருந்தார். ஒரு அன்ரி கதைக்கும்போது கழற்றி, முடிந்ததும் போட்டார்.

நான் ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன். வெண்டிக்காய் முறித்துக்கொண்டு நின்ற துரை அண்ணை கண்டுவிட்டார்.

"என்ன நாதன், ஆரிட்டத் தோத்தனீர்?"

கடையே திரும்பிப் பார்த்தது. கழற்றிப் பொக்கற்றுக்குள் வைத்தேன். மானம் முக்கியம்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

விமானம் ஓடுகிறது. அவள் வரலாம். வரமாட்டாளாம்.

"உங்கட கூட்டம் கூடுற வீட்டுக்கு இந்த முட்டோட நான் என்னெண்டு வாறது? நிப்பாட்டிப் போட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அடுத்த கிழமையே ரிக்கெற் போடுறன்."

"நீர் முதல் வாரும். வந்தாப் பிறகு பாப்பம்."

"வர முன்னம் பாக்கச் சொல்லித்தான் கேக்கிறன்."

"அப்பா, ஜஸ்ட் சே யெஸ்," என்றாள் துவாரகா.

தாய்லாந்து ராச்சியம் முழுவதும் கடைவாசலில் கையடக்கத் தொலைபேசியைக் காட்டிப் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போகிறதாம், பதியாமல் ஒரு வாழைப்பழமும் வாங்கேலாதாம். அப்படிப்பட்ட நாட்டில் இருந்து பழகியவளுக்கு என் சுதந்திரம் எப்படி விளங்கும் என்று முழங்கினேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஒரு சொல். ஒரு நாளைக்கு என் வாயிலிருந்து இலட்சம் சொல் கொட்டுகிறது, அந்த ஒன்றுதானா வரமாட்டுதாம்? பெண்சாதி சொல்லி ஒருவன் அவையைக் கலைத்தால் றெமிஜியஸ் என்ன நினைப்பான்? — அவன் ஒன்றும் நினைக்கமாட்டான். துரை அண்ணைதான் வெண்டிக்காய்க் கடையில் அறிவிப்பார்.

செப்டம்பர் 6

அந்த ஒரு சொல்லை அவள் பிறகு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிட்டு அவிக்கப் பழகிவிட்டேன். செங்கல் மாதிரி வருகிறது, இரண்டை அடுக்கினால் இன்னொரு மாடி கட்டலாம்.

அக்டோபர் 17, சனி

அமோக வெற்றி. துரை அண்ணையும் றூபனும் முழுநேரமும் மாஸ்க்கோடு இருந்தார்கள், இரண்டு சத்திரசிகிச்சை நிபுணர்கள் மாதிரி. றெமிஜியஸ் இடையிடையே இருமினான். "கச்சான் கடலை தொண்டையில இருக்கு" என்றான். தண்ணீர் கொடுத்தேன். இன்னும் இருமினான். பெரிய கச்சான்தான்.

அக்டோபர் 21

றெமிஜியசை அம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். கச்சான் இல்லை.

அக்டோபர் 23

காய்ச்சல். பரிசோதனைக்கு வரிசையில் நின்று வந்தேன். வரிசையில் எல்லோரும் எங்கட சனம், ஒருவரையொருவர் காணாதமாதிரி நின்றோம்.

அக்டோபர் 24

தேநீர் மணக்கவில்லை.

அக்டோபர் 25, ஞாயிறு

யோகராணி போன் எடுத்தாள். கமரா பழுது என்று சொல்லி முகத்தைக் காட்டவில்லை. கதைக்கும்போது இருமல் வராமல் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம். பாண்."

"வெளியால குளிரோ?"

"ஓம். கொஞ்சம்."

பேத்தி எதையோ தட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

"இஞ்சேருங்கோ," என்றாள். "குளிரெண்டால் வாசலில வெள்ளைக்கரடி நிக்குது எண்டல்லோ சொல்லுவியள்? 'கொஞ்சம்' எண்டு உங்கட வாயால நான் கேட்டதே இல்லை. எப்பயிருந்து காய்ச்சல்?"

நாற்பது வருடம் நான் அவிழ்த்துவிட்ட புளுகு எதையும் அவள் பிடித்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் பிடித்துத்தான் வைத்திருந்திருக்கிறாள். உண்மை சொன்ன இடத்தில் மாட்டினேன்.

அக்டோபர் 26

பெட்டி அடுக்கிவிட்டாளாம். "சனிக்கிழமை பிளேன். ரசம் வைக்க ஆளில்லாமல் கிடந்து சாகப்போறியளோ?"

"வராதையும்."

"என்ன?"

"வராதையும், யோகம். இந்த வீட்டுக் காத்து உமக்கு ஆகாது. எனக்கே மூச்சு ஏறி இறங்கக் கஷ்டமாக் கிடக்கு. நீர் தாங்கமாட்டீர்." இதைச் சொல்ல இரண்டு தரம் நிற்கவேண்டியிருந்தது. மூச்சு. "கூட்டத்தை நிப்பாட்டிப் போட்டன்."

"அந்தச் சொல்லை இப்ப ஏன் சொல்லுறியள்?"

"அண்டைக்கு நீர் வரக் கேட்டனீர். இப்ப வரக்கூடாது எண்டதுக்குச் சொல்லுறன்."

அழுதாள். நானும் — சரி, எழுதத் தேவையில்லை. காய்ச்சலில் கண்ணீர் வருவது இயல்பாம்.

நவம்பர் 2

துரை அண்ணை சாப்பாட்டுப் பெட்டியைக் கதவடியில் வைத்துவிட்டு லிஃப்ட் வரை ஓடினார். அவருக்கும் றூபனுக்கும் பரிசோதனையில் ஒன்றுமில்லையாம். ஆட்டம் முழுக்கத் தோற்று, மாஸ்க்கோடு இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

றெமிஜியசுக்கு மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கிறார்களாம். பார்க்க ஒருவரையும் விடமாட்டார்கள்.

நவம்பர் 22, ஞாயிறு

றெமிஜியஸ் வீட்டுக்கு வந்துவிட்டான். போனில் கதைத்தான். பஸ்ஸின் கடைசிச் சீற்றில் தூங்குகிறவனையும் எழுப்புகிற குரல் அது. இன்றைக்கு நூல் மாதிரி வந்தது.

"மச்சான், நாங்கள் வெண்டதுதான் பிழையாப் போச்சு."

பதிலுக்கு ஏதாவது பெரிதாகச் சொல்லத் தேடினேன். "கதையாத, மூச்சு வாங்கும்" என்றேன்.

நாளையிலிருந்து திரும்பவும் நகரத்தைப் பூட்டுகிறார்கள். துரை அண்ணை அதற்கும் வழி வைத்திருந்தார். "வந்தவைக்கு இனி வராதாம் நாதன். கதவைச் சாத்திப்போட்டு விளையாடுவம். றெமிஜியசுக்குப் பதிலா என்ர மருமோன் வருவான்."

"மேசையைக் குடுத்திட்டன் அண்ணை."

"ஆருக்கு?"

"மூண்டாம் மாடியில ஒரு பிள்ளை ஒன்லைனில படிக்குது. புத்தகம் வைக்க இடமில்லையாம்."

"பெஞ்சாதிக்குப் பயந்திட்டீர்!"

"ஓம்," என்றேன். வெண்டிக்காய்க் கடையில் அறிவிக்கட்டும்.

டிசம்பர் 13, ஞாயிறு

நோய் ஏறிக்கொண்டு நிற்கும் இந்த நகரத்துக்கு அவள் வராவிட்டால் நான் போகலாமே. துவாரகா விசாரித்துவிட்டாள். தாய்லாந்துக்குள் நுழைய விசா, தூதரக அனுமதி, காப்புறுதி, பறக்கத் தகுதியானவன் என்று வைத்தியர் சான்றிதழ், மூக்குப் பரிசோதனை. வைகுண்டத்துக்குக்கூட இவ்வளவு கடதாசி கேட்கமாட்டார்கள். போனபின் இரண்டு கிழமை ஹொட்டேல் அறைக்குள் அடைபடவேண்டும்.

"உங்களால ஏலாது," என்றாள் யோகராணி. "காவலுக்கு நிக்கிறவனோட சண்டை பிடிப்பியள்."

"அட்சயாவின்ர முதல் பிறந்தநாளுக்கு நிப்பன்."

"சண்டை பிடிச்சால் திருப்பி அனுப்புவினம்."

"ஓம்."

"இப்ப எல்லாத்துக்கும் ஓம் சொல்லுறியள். காய்ச்சல் ஏதும் திரும்ப வந்திட்டுதோ?"

பெப்ரவரி 16, 2021, பாங்கொக்

விமான நிலையத்தில் விண்வெளி வீரர்கள் வரவேற்றார்கள். தலை முதல் கால் வரை மூடி, கண் மட்டும் தெரிய. பெட்டிக்கு மருந்தடித்தார்கள், எனக்கும் அடித்திருப்பார்கள், கேட்டால் நின்றிருப்பேன். இப்போது ஹொட்டேலின் பதினோராம் மாடி. ஜன்னல் திறக்காது. கதவுக்கு வெளியே கதிரை ஒன்று. சாப்பாட்டை அதில் வைத்து, தட்டிவிட்டு, நான் திறக்குமுன் மறைந்துவிடுகிறார்கள். ஒரு முகத்தையும் காணவில்லை. தெய்வங்கள் இப்படித்தான் பரிமாறும்.

பெப்ரவரி 20, சனி

தாதி இன்று மூக்குக்குள் குச்சி விட்டாள். மூளையைத் தொட்டு, அங்கே பெரிதாக ஒன்றுமில்லை என்று கண்டு திரும்பினாள்.

காலையும் பின்னேரமும் காய்ச்சல் பார்த்து அந்தத் தாதிக்கு அனுப்பவேண்டும். அனுப்புகிறேன். 36.4. ஒரு புள்ளியும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் வாயிலிருந்து இவ்வளவு சுத்தமான தகவல் வெளியாவது சரித்திரத்தில் இதுவே முதல்.

பெப்ரவரி 24, புதன்

"கீழ பாருங்கோ," என்றாள் போனில். பார்த்தேன். தெரு முழுக்க முகம் மூடிய சனம். பழ வண்டிக்காரி, மோட்டார் சைக்கிள்காரன், காவலாளி, எல்லோரும் ஒரே மாதிரி. நாற்பது வருடம் குடித்தனம் நடத்திய பெண்சாதி யார் என்று தெரியவில்லை.

"பிள்ளையைத் தூக்கிப் பிடிச்சிருக்கிறன், தெரியேல்லையோ?"

தெரிந்தது. ஒரு சின்ன மஞ்சள் சட்டை. அது வேறு ஏதோ ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தது. அந்த ஜன்னல்காரன் பாக்கியசாலி. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, அவர்கள் போகுமட்டும் நின்றேன்.

மார்ச் 3, புதன்

திறந்துவிட்டார்கள். துவாரகாவின் வீட்டு வாசலில் நானாகவே நின்றுவிட்டேன்.

"முதல் முழுகிப்போட்டு வாறன். இந்த உடுப்பு ராக்சியில பட்டது. பிள்ளையைத் தூக்க முன்னம் இன்னொருக்காப் பரிசோதிச்சால் என்ன?"

"இஞ்சேருங்கோ," என்றாள் யோகராணி. மெலிந்திருந்தாள். நானும் மெலிந்திருக்கிறேனாம். "பரிசோதிச்சது காணும். வாங்கோ உள்ளுக்கு."

முழுகிவிட்டுத்தான் தூக்கினேன். அட்சயா என் முகத்தைக் கொஞ்சநேரம் விசாரித்துப் பார்த்தாள். பிறகு ஆட்காட்டி விரலை நேரே என் மூக்குக்குள் விட்டாள்.

இந்த நாட்டில் எல்லோருக்கும் என் மூக்குக்குள்தான் வேலை. ஆடாமல் இருந்தேன்.