காதுக்காரர் தோண்டிய மூன்று குழிகளும் மகளின் படிப்பு விடுப்பும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கசிவு கண்டறியும் பணியாளர்
(அலுவலகத்தில் 'காதுக்காரர்' என்றால் எல்லோருக்கும் தெரியும்),
பழைய நீரேற்று நிலையத்தின் எதிர் வரிசை, மூன்றாம் வீடு.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வாரியத் தலைமை அலுவலகம்.

பொருள்: வாரியத்தின் இளநிலைப் பொறியாளராகிய என் மகளின் படிப்பு விடுப்பை நீட்டிக்க மறுத்த உத்தரவை ரத்து செய்து, மேலும் எட்டு மாதம் விடுப்பு வழங்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: சென்ற திங்கட்கிழமை கிடைத்த நிர்வாகப் பிரிவு உத்தரவு.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் தங்கள் வாரியத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் பணிபுரிந்தவன். இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சாலையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, மண்ணுக்கடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சொல்வதே என் வேலை. இம்மனுவை எழுதத் தொடங்கியபோது என் மகளுக்குத் தெரியாது. முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. அதைக் கடைசியில் தெரிவிக்கிறேன்.

2. என் மகள் ஓராண்டு படிப்பு விடுப்பில், ஆராய்ச்சிக்கென்றே பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தார். ஆண்டு முடிவில் தம் அறிக்கையை அனுப்பி, இன்னும் எட்டு மாதம் கேட்டார். பதினைந்து நாட்களுக்குள் பணியில் சேராவிட்டால் வேலையை விட்டதாகக் கருதப்படும் என்று பதில் உத்தரவு வந்துள்ளது. சேர்ந்தால் படிப்பு போகும், சேராவிட்டால் வேலை போகும். (அலுவலக மரியாதைக்காக 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், கை கேட்கவில்லை. இனி 'அவள்' என்றே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.)

3. உத்தரவில் இரண்டு காரணங்கள் காட்டப்பட்டுள்ளன. ஒன்று, அவளுடைய அறிக்கையின்படியே பதினோரு சோதனைகளும் தோல்வி. இரண்டு, அதே பட்டத்தை உள்ளூர் மாலைநேரக் கல்லூரியில், வேலை பார்த்துக்கொண்டே பெறலாம்.

4. இரண்டாவது காரணத்தை முதலில் சொன்னவன் நான்தான். பட்டம் பட்டம்தானே, பக்கத்துக் கல்லூரியில் படித்தால் வீட்டிலேயே சாப்பிடலாமே என்று அவளிடம் ஒரு மாதம் மல்லுக்கு நின்றேன். அந்தக் கல்லூரியை நான் குறை சொல்லவில்லை. வாரியத்தில் பாதிப்பேர் அங்கே படித்துத்தான் மேலே வந்தார்கள். தெரிந்ததை அங்கே ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் பிளாஸ்டிக் குழாயின் கசிவுச் சத்தம் ஏன் இடம் மாறிக் கேட்டு ஏமாற்றுகிறது என்ற என் மகளின் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் விடை இல்லை. இல்லாத விடையை எந்தப் பரீட்சையில் எழுதுவது?

5. சென்ற மாதம் அந்தப் பல்கலைக்கழகத்தை நேரில் பார்த்துவந்தேன். ஆய்வகத்தின் பின்புறம் மணலில் நாற்பது மீட்டர் குழாயைப் புதைத்து, வேண்டிய இடத்தில் ஓட்டை போட்டு, வேண்டாத நேரத்தில் அடைக்கிறார்கள். எங்களுக்கு ஒரு கசிவு கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவளுக்கு நினைத்தபோது கிடைக்கிறது. குழாயில் ஒட்டியிருக்கும் உணர்கருவி, மாடியில் இதய வால்வைப் பற்றி ஆராய்பவர்கள் இரவல் கொடுத்தது. நோயாளியின் நெஞ்சில் வைக்கவேண்டியது வாரியத்துக் குழாயில் இருக்கிறது என்று, வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். இப்படி ஒரு மாடி ஏறினால் கேட்டதைக் கொடுக்க ஆள் இருக்கும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

6. அங்கே அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரைச் சந்தித்தேன். குழாய்களைப் பற்றியே இருபது ஆண்டு ஆராய்ந்தவர். என் மகளின் கேள்விக்கு என்னதான் விடை என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதுங்க. உங்க பொண்ணு கண்டுபிடிச்சுச் சொன்னாத்தான் எனக்கும் தெரியும்" என்றார். முப்பத்தோரு ஆண்டுப் பணியில், தெரியாது என்று சொன்ன ஒரு மேலதிகாரியையும் நான் கண்டதில்லை. தாங்கள் நான் ஓய்வுபெற்ற பின் வந்தவர், தங்களைச் சொல்லவில்லை. தனக்குத் தெரியாததைத் தன் மாணவியிடம் ஒப்படைக்கிற பெரியமனிதரைப் பார்த்த அன்றே பக்கத்துக் கல்லூரிப் பேச்சை விட்டுவிட்டேன். பேருந்தில் திரும்பி வரும்போது முன்பின் தெரியாத மூன்று பேரிடம் என் மகள் என்ன படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான், ஒப்புக்கொள்கிறேன்.

7. இனி முதல் காரணம். இதில் குற்றவாளி நான். வாரியத்தில் தவறான இடத்தில் பள்ளம் தோண்டிவிட்டால், பதிவேட்டில் 'தவறு' என்று எழுதும் வழக்கமே கிடையாது. 'சோதனைக் குழி, பணி நிறைவு' என்று எழுதி மூடிவிடுவோம். கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற கதைதான். என் முப்பத்தோரு ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு தோல்விகூட அகப்படாது. என் மகள் படிக்கும் இடத்திலோ, புதன்கிழமைதோறும் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அந்த வாரம் எது சரியாக வரவில்லை என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டுமாம். மறைத்தால்தான் அவமானம். அந்தப் பழக்கத்தில் அவள் வாரியத்துக்கும் உண்மையையே எழுதி அனுப்பிவிட்டாள். காகிதத்தை மட்டும் பார்த்தால் நான் தோற்காதவன், அவள் பதினோரு முறை தோற்றவள்.

8. ரொட்டிக்கடை வாசலைத் தாங்கள் அறிந்திருக்கலாம். நான் ஓய்வுபெறும் ஆண்டில் அங்கே மூன்று குழிகள் தோண்டப்பட்டன. மூன்றையும் காட்டியவன் நான். மூன்றும் காய்ந்த மண். கடைக்காரர் வாடிக்கையாளர்களுக்குப் பலகை போட்டுப் பாலம் கட்டினார், என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. கசிவு ஏழு மீட்டர் தள்ளித் தெருமுனையில் இருந்தது. தண்ணீர் தானாகப் பொங்கி வந்த பிறகே தெரிந்தது. பதிவேட்டில் மூன்றும் 'சோதனைக் குழி'.

9. அங்கே புதைத்திருந்தது பிளாஸ்டிக் குழாய், கடை வாசலில் அதற்கு ஓர் இரும்பு இணைப்பு. என் மகள் அந்த வாசலையே ஆய்வகத்தில் மணலில் அமைத்தாள். இரும்புக் குழாயில் சத்தம் உச்சமாகக் கேட்கும் இடமே கசிவு. பிளாஸ்டிக் குழாயில் சத்தம் வழியிலேயே தேய்ந்து, அடுத்துள்ள இரும்பு இணைப்பில் வந்து பெரிதாகக் கேட்கிறது என்பது அவள் எண்ணம். பதினோரு சோதனையிலும் அவள் கணக்கிட்ட இடம் தவறியது. ஆனால் பதினொன்றும் இணைப்பு இருக்கும் பக்கமாகவே தவறின. தவறு ஒரே பக்கம் சாய்ந்தால், எவ்வளவு சாய்கிறது என்று அளந்து திருத்திவிடலாமாம். நிர்வாகப் பிரிவு தோல்வி என்று படித்த பக்கம் இதுதான். இதை வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் உண்மையான தெருக்களில் பார்த்து முடிக்கவே எட்டு மாதம் கேட்கிறாள். முடித்துவிட்டு வரப்போவது தங்கள் வாரியத்துக்குத்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நாம் நெய்க்கு அலைய வேண்டுமா?

10. ஆகவே தாங்கள் அன்புகூர்ந்து, (அ) உத்தரவை ரத்து செய்து எட்டு மாத விடுப்பு வழங்கவும், (ஆ) 'சத்தம் உச்சமாகக் கேட்கும் இடத்தில் தோண்டுக' என்று பதினான்கு ஆண்டுகளுக்கு முன் என் பெயரைப் போட்டு வெளியிட்ட சுற்றறிக்கையை, பிளாஸ்டிக் குழாய்களைப் பொறுத்தமட்டில் நிறுத்திவைக்கவும் வேண்டுகிறேன். அந்தச் சுற்றறிக்கையைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். அது தவறு என்று என் மகள் நிரூபித்துவிட்டாள். நேற்றுக் கழற்றிவிட்டேன்.

11. மேற்கண்ட பத்தியைச் சுத்தப் பிரதி எடுக்கும்போது அவள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்துவிட்டாள். முழுவதையும் படித்தாள். தன்னைப் புகழ்ந்த இடங்களில் முகம் சுளித்தாள், ஆனால் எதையும் நீக்கவில்லை. 'நிரூபித்துவிட்டாள்' என்ற ஒரு சொல்லின் கீழ் மட்டும் கோடு போட்டாள். "இன்னும் இல்லப்பா. நீங்க சொன்னதே சரின்னுகூட முடியலாம். எட்டு மாசம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டு, சுற்றறிக்கையைத் துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். என்னை வென்றுவிட்டதாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கு இன்றே உரிமை உண்டு. உறுதியாகத் தெரியும்வரை வேண்டாம் என்கிறாள். அந்தச் சொல்லை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அது சரியா தவறா என்று தெரிந்துகொள்ள எட்டு மாதம் தர வேண்டுகிறேன்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: உத்தரவு கிடைத்த ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலுக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
இளநிலைப் பொறியாளரின் தந்தை

இணைப்பு: ரொட்டிக்கடை வாசல் பதிவேட்டுப் பக்கத்தின் நகல். 'சோதனைக் குழி' என்பதை மூன்று இடங்களிலும் அடித்து, 'தவறு' என்று என் கையால் எழுதிக் கையொப்பமிட்டுள்ளேன்.