முடிந்துபோன ஆட்டத்துக்கு ஒரு நேர்த்தி

இஞ்சாருங்கோ,

ஒருநாளும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள், கடிதத்தில் மட்டும் எப்படிச் சொல்வேன்? நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் பேப்பர் வந்துவிட்டது.

லண்டனிலிருந்து உங்கள் தங்கச்சி அனுப்பும் அதே வாரப் பத்திரிகைதான். கீழ்ப்பிரிவுகளில் ஆடும் சின்னச் சின்ன இங்கிலீசு உதைபந்தாட்டக் கழகங்களின் கதை மட்டும் போடுவது. சோதனைச் சாவடியில் பிரித்துப் பார்த்து, ஏனோதானோவென்று ஒட்டியிருக்கிறார்கள். வழக்கம்போல இரண்டு மாதம் பிந்தித்தான் வந்தது.

உலகத்தில் வேறு கழகம் இல்லையென்று, கடைசி இடத்தில் கிடந்ததைப் பிடித்துக்கொண்டீர்கள். கேட்டால், "வெல்லுறவங்களுக்கு ஆக்கள் இருக்கினம். இவங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்பீர்கள். கடைசி ஆட்டத்தில் தோற்றால் பிரிவை விட்டே இறக்கிவிடுவார்கள் என்று பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் வேறு நேர்ந்தீர்கள். தங்கச்சி போனில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணா, அது எப்பவோ முடிஞ்சுது. சொல்லட்டோ?"

"வாயை மூடு! எனக்குப் பேப்பர் வரேக்கைதான் முடியும்."

முடிஞ்ச விசயத்துக்கு நேருற விசர் மனுசன் என்று நானும் சிரித்தேன்.

பிறகு ஒருநாள், சீனன்குடா வேலைத்தலத்தில் உங்களுக்கு நெஞ்சுநோ என்று ஓராள் வந்து சொன்னார். அன்றைக்குச் சண்டை, பாதை பூட்டு. ஆஸ்பத்திரிக்கு வர ஏலாமல் அதே பிள்ளையாரிடம் ஓடினேன். தாலியைப் பிடித்துக்கொண்டு நேர்ந்தேன். நான் நேரும்போது உங்கள் உயிர் போய்க் கனநேரம் என்று பொழுதுபடத்தான் தெரிந்தது. யார் விசர், சொல்லுங்கோ?

பேப்பரைப் பிரிக்கப் பயமாக இருந்தது. மூத்தவள்தான் வாசித்தாள்.

"அம்மா, வெண்டிட்டாங்கள்! கடைசி நேரத்தில கோல்!"

வென்றுவிட்டார்கள், இஞ்சாருங்கோ. குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

பிள்ளையாரோடு எனக்குக் கோபம்தான். உங்களுடையதைக் கேட்டவருக்கு என்னுடையது கேட்கவில்லையே. என்றாலும், உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து தீட்டுக் கழிந்துவிட்டதால் நேற்றுக் கோயிலுக்குப் போய் நூற்றெட்டையும் உடைத்தேன். தோள் இன்னும் நோகிறது.

"ஆரின்ரை நேர்த்தி, பிள்ளை?" என்று ஐயர் கேட்டார்.

"என்ரை மனுசன்ரை, ஐயா. பலிச்சுட்டுது."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

பேப்பரை நிறுத்த வேண்டாம், முடிவைப் போனில் சொல்லவும் வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். இவங்களுக்கு ஆர் இருக்கினம் என்று நீங்கள் இனிக் கவலைப்பட வேண்டாம். நான் இருக்கிறேன்.

உங்கள் மனுசி,
உப்புவெளி